பாஞ்சாலங்குறிச்சி அரண்மனைக்குள் ஒரு நடை: உங்கள் கம்ப்யூட்டரில்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. இன்டர்நெட் இணைப்பும் வந்து விட்டது. பாட்டுக் கேட்கிறீர்கள், படம் பார்க்கிறீர்கள், கரண்ட் பில் கட்டுகிறீர்கள், வெளியூரில் இருக்கும் பேரனோடு வீடியோவில் பேசுகிறீர்கள். ஒரு மாதம் போனதும், "இவ்வளவு பணம் கொடுத்து வாங்கினோமே, வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வருகிறது. வரத்தான் செய்யும்.

இந்த மாதம் கொஞ்சம் பெரிய வேலை ஒன்றைச் செய்து பார்ப்போம். இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட ஓர் அரண்மனையின் உட்புறத்தை, அது அந்தக் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே உங்கள் மானிட்டரில் கட்டுவோம். கட்டி முடித்த பிறகு கீபோர்டில் உள்ள அம்புக்குறி கீகளைத் தட்டி அதற்குள் நடந்தும் வரலாம். சாப்ட்வேர் இலவசம். செங்கல், கொத்தனார், சித்தாள் எதுவும் வேண்டாம்.

"அப்படியே" என்று எழுதி விட்டேன். அந்த ஒரு சொல்லில்தான் நான் போன வருடம் மாட்டிக் கொண்டேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

எந்த அரண்மனை?

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. துறைமுகம், உப்பளம், சங்கு, முத்து என்று ஊர் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். கடலுக்கு முதுகைக் காட்டி உள்ளே போனால் கரிசல் காடு. அங்கே ஓட்டப்பிடாரத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருக்கிறது பாஞ்சாலங்குறிச்சி. வீரபாண்டிய கட்டபொம்மனின் ஊர்.

அங்கே இன்று நீங்கள் பார்க்கும் கோட்டை 1974ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. உள்ளே கட்டபொம்மன் வரலாறு சுவர் ஓவியங்களாக இருக்கிறது. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் பழைய கோட்டை அதுவல்ல. பழைய கோட்டையின் எச்சங்கள் தனியாக, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. 1968-69ல் அங்கே அகழாய்வு நடந்தது. தரையை ஒட்டிய கட்டுமானப் பகுதிகள்தான் மிச்சம். சுவரோ கூரையோ கதவோ கிடையாது.

என் அக்கா மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக் கண்காட்சிக்கு "கட்டபொம்மன் அரண்மனை" செய்ய வேண்டும் என்றான். தெர்மோகோலில் செய்யலாம் என்று அக்கா சொன்னாள். நான் சாப்ட்வேர் எஞ்சினியர் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? "தெர்மோகோல் எதுக்குடா, கம்ப்யூட்டர்லயே கட்டுவோம்" என்றேன்.

முதலில் அவன் தன் மொபைலில் உள்ள ஏஐ புரோகிராமில் "பாஞ்சாலங்குறிச்சி அரண்மனை உட்புறம்" என்று கேட்டான். பத்தே வினாடியில் படம் வந்து விட்டது. சிவப்புக் கல் தூண்கள், ராஜஸ்தான் பாணி வளைவுகள், மேலே கண்ணாடிச் சரவிளக்கு. பையனுக்கு ஒரே சந்தோஷம். எனக்குச் சிரிப்பு. 1959ல் வந்த வீரபாண்டிய கட்டபொம்மன் படத்தின் வெளிப்புறக் காட்சிகள் பல ஜெய்ப்பூர்ப் பக்கம் எடுக்கப்பட்டவை. நம் மனதில் உள்ள பாஞ்சாலங்குறிச்சியில் பாதி அந்தப் படம் தந்தது. மொபைல் தந்த படமும் அதே வடக்குப் பக்கமாகவே போய் நின்றது.

"அப்ப சினிமால வர்றது பொய்யா மாமா?" என்று கேட்டான். பொய்யில்லை, அது சினிமா செட் என்றேன். சரி, நிஜம் எது என்று தேட ஆரம்பித்தோம்.

கிடைத்த அளவுகள்

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி தன் ராணுவ நினைவுகளை 1830ல் புத்தகமாக வெளியிட்டார். அதில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் அளவு இருக்கிறது. இரண்டு பக்கங்கள் சுமார் 500 அடி, மற்ற இரண்டு பக்கங்கள் சுமார் 300 அடி. சுவர் பொதுவாகப் பன்னிரண்டு அடி உயரம். முழுக்க மண்ணால் கட்டியது. சிறிய சதுரக் கொத்தளங்கள், சுற்றிலும் முள்வேலி. திருநெல்வேலி வரலாற்றை 1881ல் எழுதி வெளியிட்ட கால்டுவெல்லும் வெல்ஷின் விவரங்களைப் பயன்படுத்தியிருக்கிறார். இந்தப் பழைய புத்தகங்களை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். தேடும் பெட்டியில் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் நம் ஊர்ப் பெயர்களை எப்படியெல்லாமோ எழுதியிருப்பார்கள். ஒரு ஸ்பெல்லிங்கில் கிடைக்காவிட்டால் இன்னொன்றில் தேடிப் பாருங்கள்.

அளவு கிடைத்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அன்று இரவே வேலையைத் தொடங்கி விட்டோம்.

சுவர் எழுப்புவோம்

முப்பரிமாண வேலை என்றதும் பலர் பிளென்டர் சாப்ட்வேரைச் சொல்வார்கள். அதுவும் இலவசம்தான், சினிமாவே எடுக்கலாம். ஆனால் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் பிளென்டரைத் திறந்தால், திரை முழுக்க பட்டன்களைப் பார்த்துப் பயந்து உடனே மூடி விடுவார். நாம் ஸ்வீட் ஹோம் 3டி என்ற சாப்ட்வேரை எடுத்துக் கொள்வோம். வீட்டின் உட்புறத்தை வரைந்து பார்ப்பதற்காக எழுதப்பட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் சொந்தத் தளத்திலிருந்தே டவுன்லோடு செய்யுங்கள். "இலவச டவுன்லோடு" என்று பச்சை பட்டன் காட்டி வேறு எதையோ தலையில் கட்டும் தளங்கள் நிறைய உண்டு. என்னுடைய நான்கு ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பிலேயே இது தடையில்லாமல் ஓடியது.

திறந்ததும் திரை நான்காகப் பிரிந்திருக்கும். இடது மேல் பகுதியில் சாமான்களின் பட்டியல். வலது மேல் பகுதியில் கட்டம் போட்ட வரைபடத் தாள். அதற்குக் கீழே முப்பரிமாணக் காட்சி. நீங்கள் மேலே ஒரு கோடு போட்டால் கீழே ஒரு சுவர் எழும்பும். முதல் தடவை பார்க்கும்போது குழந்தை மாதிரி சிரிப்பீர்கள்.

முதலில் ஃபைல் மெனுவில் பிரிஃபரன்சஸ் போய் அளவை அடி, அங்குலத்துக்கு மாற்றுங்கள். பழைய கணக்கெல்லாம் அடியில்தான் இருக்கும். பிறகு அதே ஃபைல் மெனுவில் சேவ் கொடுத்து ஃபைலுக்குப் பெயர் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கன்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்துத் தட்டுவதைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள். எங்கள் தெருவில் கரண்ட் எப்போது போகும் என்று கோட்டை கட்டுகிறவனுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை.

வரைபடம் எங்கிருந்து வரும்? நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போனோம். எச்சங்களின் மேல் ஏறாமல், ஓரமாக நின்று, காகிதத்தில் கையால் ஒரு படம் வரைந்தோம். பாதையை ஒட்டிய ஒரு பக்கத்தின் நீளத்தை மட்டும் டேப் வைத்து அளந்தோம். ஒரே ஓர் அளவு போதும். படத்தை ஸ்கேன் செய்தோ, நேர் மேலிருந்து மொபைலில் போட்டோ எடுத்தோ கம்ப்யூட்டருக்குக் கொண்டு வாருங்கள். பிளான் மெனுவில் இம்போர்ட் பேக்கிரவுண்ட் இமேஜ் என்பதைக் கிளிக் செய்து அந்தப் படத்தைக் காட்டுங்கள். அடுத்த திரையில் படத்தின் மேல் ஒரு வண்ணக் கோடு தெரியும். அதன் இரு முனைகளையும் மவுஸால் இழுத்து, நீங்கள் அளந்த பக்கத்தின் மேல் வைத்து, அதன் நீளத்தை டைப் செய்யுங்கள். மீதி எல்லா அளவுகளையும் சாப்ட்வேர் தானே கணக்குப் போட்டுக் கொள்ளும். கையால் வரைந்த படம் எவ்வளவு சரியோ அவ்வளவுதான் கணக்கும் சரி. இதை மட்டும் மறந்து விடாதீர்கள்.

இனி பிளான் மெனுவில் கிரியேட் வால்ஸ். ஒரு மூலையில் கிளிக், அடுத்த மூலையில் கிளிக். இடையில் என்டர் தட்டினால் நீளத்தைச் சரியாக டைப் செய்ய ஒரு சின்னப் பெட்டி வரும். முடிக்கும் இடத்தில் இரண்டு முறை கிளிக். சுவர் தயார்.

இங்கே புதியவர்கள் தவறாமல் செய்யும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். சாப்ட்வேர் தானாகப் போடும் சுவர், இந்தக் காலத்து அடுக்குமாடி வீட்டுச் சுவர். சுமார் எட்டு அடி உயரம், நான்கு விரல் கனம். அந்தக் கனத்தில் மண்கோட்டை நிற்காது. சுவரை இரண்டு முறை கிளிக் செய்தால் மாடிஃபை வால்ஸ் பெட்டி திறக்கும். உயரம், கனம் இரண்டையும் மாற்றுங்கள். சாமான் பட்டியலும் அப்படித்தான். சோபா, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் வரிசையாக இருக்கும். கட்டபொம்மன் அரண்மனையில் ஃப்ரிட்ஜ் வைக்க அக்கா மகன் மிகவும் ஆசைப்பட்டான்.

பளபளப்பா, மங்கலா?

அதே மாடிஃபை வால்ஸ் பெட்டியில் நிறத்துக்குக் கீழே மேட், ஷைனி என்று இரண்டு வட்டங்கள் இருக்கும். மங்கல், பளபளப்பு. சின்ன விஷயம் என்று தாண்டிப் போய் விடாதீர்கள். அரண்மனையின் உட்புறம் எப்படித் தெரியும் என்பதில் பாதி இந்த வட்டங்களில்தான் இருக்கிறது.

மண்சுவரில் வெளிச்சம் விழுந்தால் அங்கேயே தங்கி விடும். நன்றாகத் தேய்த்து மெருகிட்ட சுண்ணாம்புப் பூச்சில் விழுந்தால் திரும்பி வந்து தரையிலும் எதிர்ச் சுவரிலும் விழும். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, மணல், கடுக்காய் ஊறிய தண்ணீர், கருப்பட்டி, மேல் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு என்று பழைய கொத்தனார்கள் சேர்த்தார்கள். பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பவர்கள் இன்றும் கடுக்காயும் கருப்பட்டியும் தேடிப் போகிறார்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்டைப் பூசினால், உள்ளே உள்ள ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவர் உளுத்து விடும். எங்கள் பக்கத்தில் கிளிஞ்சலுக்கும் பஞ்சமில்லை, உடன்குடிக் கருப்பட்டிக்கும் பஞ்சமில்லை. ஆனால் அதை வைத்து, பாஞ்சாலங்குறிச்சியிலும் பளபளப்பான சுவர்தான் இருந்தது என்று சொல்லி விட முடியுமா? முடியாது. நான் போன வருடம் சொன்னேன். எல்லாச் சுவருக்கும் ஷைனி கொடுத்தேன். படம் அவ்வளவு அழகாக வந்தது.

பளபளப்புச் சுண்ணாம்பு வேலையைப் பார்க்க மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்குத்தான் போக வேண்டும். 1636ல் கட்டியது என்று சொல்லப்படும் அரண்மனை. இன்று நிற்பது பழைய அளவில் கால் பங்கு என்கிறார்கள். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் பார்ப்பது முழுக்க 1636ஆம் ஆண்டின் மகால் இல்லை. பல காலம் பாழாகக் கிடந்து, 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் காலத்தில் பழுது பார்க்கப்பட்டது. அதற்கு முன்பே, 1858ல், லினேயஸ் டிரைப் என்ற ராணுவப் புகைப்படக்காரர் அதைப் போட்டோ எடுத்திருக்கிறார். அதற்கும் முன்பு, 1792ல், டேனியல் என்ற இரு ஓவியர்கள், மாமாவும் மருமகனும் அல்ல, சித்தப்பாவும் அண்ணன் மகனும், வந்து வரைந்திருக்கிறார்கள். ஆக 1636, 1792, 1858, 1872 என்று ஒரே கட்டடத்துக்கு நான்கு முகங்கள். "பழையபடி மாற்று" என்றால் இதில் எது பழையபடி?

டிரைப்பின் போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் கலராக்கிப் பார்க்கலாமே என்று தோன்றும். தாராளமாகச் செய்யலாம், இன்று ஒரு கிளிக்தான். ஆனால் கறுப்பு வெள்ளைப் போட்டோவில் இல்லாத நிறத்தைச் சாப்ட்வேர் எங்கிருந்தோ கொண்டு வந்து போடுகிறது. அது ஊகம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. டிரைப் தன் நெகட்டிவ்களின் மேல் சாயம் தடவி மேகமும் இலை தழையும் சேர்ப்பார். போட்டோஷாப் வேலை 1850களிலேயே இருந்திருக்கிறது!

உண்மையான நிறம் தெரிய வேண்டுமானால் சுவரைத்தான் கேட்க வேண்டும். ஒரு சின்ன இடத்தில் பூச்சை ஒவ்வொரு படலமாக உரித்துப் பார்த்தால், எந்த நிறத்துக்கு மேல் எந்த நிறம் வந்தது என்று தெரியும். தஞ்சைப் பெரிய கோவிலில் நாயக்கர் கால ஓவியத்துக்குக் கீழே சோழர் ஓவியம் இருப்பது 1931ல் இப்படி உதிர்ந்த பூச்சுக்கு அடியில்தான் தெரிய வந்தது. பிறகு இந்தியத் தொல்லியல் துறையினர் மேலே இருந்த ஓவியத்தின் பகுதிகளைப் பிரித்தெடுத்துப் பலகையில் ஒட்டிக் காப்பாற்றினார்கள். சோழரும் அசல், நாயக்கரும் அசல். ஒன்றைக் காட்ட இன்னொன்றை அழிக்கவில்லை.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தேன். ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் கோட்டைக்குள் ஓர் அரண்மனை இருக்கிறது. ஐந்தாம் ஜேம்ஸ் மன்னருக்காக 1540ஐ ஒட்டிக் கட்டியது. அதன் உள் அறைகளைப் பழைய தோற்றத்துக்குக் கொண்டு வந்து 2011ல் மக்களுக்குத் திறந்தார்கள். அவர்கள் முதலில் செய்தது, எந்தக் காலத்துக்குத் திரும்பப் போகிறோம் என்று முடிவு செய்ததுதான். 1540கள் என்று தீர்மானித்தார்கள். கூரையில் இருந்த ஓக் மரச் சிற்ப வட்டங்களின் அசல்களை மேலே பெயின்ட் அடிக்காமல் தனியாகக் காட்சிக்கு வைத்து விட்டு, புதிதாகச் செதுக்கிய நகல்களுக்குப் பளிச்சென்று வண்ணம் தீட்டிக் கூரையில் பொருத்தினார்கள். அசல் ஒரு பக்கம், நம் கணிப்பு ஒரு பக்கம். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

கண்காட்சியில் வந்த கேள்வி

இதையெல்லாம் நான் படித்தது பிறகுதான். கண்காட்சிக்குப் போகும்போது படிக்கவில்லை. எங்கள் அரண்மனையில் பளபளக்கும் தூண்கள், சிவப்புக் கம்பளம், தங்க நிறச் சிம்மாசனம் எல்லாம் இருந்தன. மேலே பெரிய எழுத்தில் "கட்டபொம்மன் அரண்மனை, 1799" என்று தலைப்பு. கீழே 500 அடி, 300 அடி, 12 அடி என்று அளவுகள். கூட்டம் அள்ளியது.

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரொம்ப நல்லாருக்கு தம்பி. இந்த அளவெல்லாம் எங்க எடுத்தீங்க?"

"வெல்ஷ் புத்தகத்துல சார்."

"அவர் கோட்டையைப் பாத்தது எந்த வருஷம்?"

"1801."

"மேல என்ன வருஷம் போட்டிருக்கீங்க?"

எனக்கு வியர்த்து விட்டது. 1799 செப்டம்பரில் பானர்மேன் படை கோட்டையைத் தாக்கியது. அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். கோட்டையை இடித்து மட்டமாக்கினார்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையும் அவர் ஆட்களும் சில நாட்களிலேயே கோட்டைச் சுவரை மறுபடி எழுப்பி விட்டார்கள். மட்டமாக்கிய இடத்தில் மதில் நிற்பதைப் பார்த்து வெள்ளைக்காரப் படை திகைத்துப் போனது. மார்ச் 31ஆம் தேதி அந்தச் சுவரில் மோதித் தோற்றும் போனது. மே 24ஆம் தேதிதான் பிடிக்க முடிந்தது. அதன் பிறகு மறுபடியும் தரைமட்டம். வெல்ஷ் அளந்து எழுதியது அந்த இரண்டாவது கோட்டையை. நான் ஊமைத்துரை கட்டிய சுவருக்குள் கட்டபொம்மனின் சிம்மாசனத்தைப் போட்டு, 1799 என்று எழுதி ஒட்டியிருந்தேன். ஊமைத்துரையின் பெயர் எங்கள் அட்டையில் எங்கேயுமே இல்லை.

"பிள்ளைங்க இதத்தான் மனசுல வச்சுக்கும்" என்று மட்டும் சொல்லி விட்டு அவர் அடுத்த மேசைக்குப் போய் விட்டார்.

மூன்று நிறங்கள்

வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்தேன். ஃபைல் மெனுவில் சேவ் ஆஸ். 1799 என்று ஒரு ஃபைல், 1801 என்று ஒரு ஃபைல். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். நீங்கள் எந்தப் பழைய கட்டடத்தைக் கட்டினாலும் ஃபைல் பெயரில் ஆண்டு இருக்கட்டும்.

அடுத்து, கம்ப்யூட்டரில் பழைய கட்டடங்களைக் காட்டுபவர்களுக்காக 2006ல் உருவான லண்டன் சாசனத்தைப் படித்தேன். நீளமாக இருக்கும். சாரம் சின்னது: எது ஆதாரம், எது ஊகம் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும், ஏன் அப்படிச் செய்தோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அளந்து போட்ட சுவரையும் மனம் போன போக்கில் போட்ட சுவரையும் ஒரே அழகோடுதான் காட்டும். ஆகவே நாம்தான் பிரிக்க வேண்டும்.

நான் மூன்று நிறம் வைத்துக் கொண்டேன். நேரடி ஆதாரம் உள்ளதற்கு வெள்ளை. அதே காலத்து, அதே பகுதிக் கட்டடங்களைப் பார்த்துப் போட்டதற்கு மஞ்சள். வெறும் ஊகத்துக்குச் சாம்பல். சுவரை இரண்டு முறை கிளிக் செய்து கலர் பட்டனில் நிறத்தை மாற்றலாம். கன்ட்ரோல் கீயோடு சி, வி தட்டிப் பிரதி எடுத்த சாமானுக்கும் இப்படியே நிறம் கொடுக்கலாம். பிளான் மெனுவில் ஆட் டெக்ஸ்ட் கொடுத்து, "வெல்ஷ், 1801" என்று ஒவ்வொரு சுவருக்குப் பக்கத்திலும் காரணத்தை எழுதி வையுங்கள்.

மஞ்சளுக்கு எங்களுக்கு உதவியது ராமநாதபுரம் ராமலிங்க விலாசம். சேதுபதிகளின் அரண்மனை மண்டபம். 18ஆம் நூற்றாண்டுச் சுவர் ஓவியங்கள் இன்னும் இருக்கின்றன. அரசவை, போர், ஐரோப்பியர்கள் வந்து சேதுபதியைச் சந்திப்பது எல்லாம் வரைந்திருக்கிறார்கள். அரசர் எதில் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் என்ன தொங்குகிறது, வந்தவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக் கொள்ளலாம். ஆனால் சேதுபதி பெரிய அரசர், பாஞ்சாலங்குறிச்சியார் பாளையக்காரர். அங்கே இருந்தது இங்கேயும் இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே மஞ்சள்தான், வெள்ளை இல்லை.

நிறம் போட்டு முடித்து 3டி வியூ மெனுவில் வர்ச்சுவல் விசிட் கொடுத்து உள்ளே நடந்தோம். 1801 ஃபைலில் வெளிச் சுவர் வெள்ளை, உள்ளே ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. சில நாட்களில் மண் மதில் எழுப்பலாம், மண்டபமும் எழுப்பியிருக்க முடியாது என்பது என் கணக்கு. அதுவும் ஊகம்தான். 1799 ஃபைலில் வெளிச் சுவர் மஞ்சளாகி விட்டது. தரையை ஒட்டி மட்டும் ஓரளவு வெள்ளை. அதிலும் எது எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாத இடங்களை மஞ்சளாக்கினேன். முழங்காலுக்கு மேலே கதவு, ஜன்னல், உத்திரம், கூரை எல்லாமே சாம்பல். சிம்மாசனமும் சாம்பல்.

அக்கா மகன் முகம் வாடி விட்டது. "இதப் பாத்தா நாம ஒண்ணுமே செய்யாத மாதிரி இருக்கே மாமா" என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது, அவனிடம் சொல்லவில்லை.

மறுக்க முடியாத வெள்ளை ஒன்று கிடைத்தது. வெயில்! பிளான் மெனுவில் மாடிஃபை காம்பஸ் பெட்டியில் ஊரின் இடத்தைக் கொடுக்கலாம். பாஞ்சாலங்குறிச்சிக்குச் சுமார் 8.9 டிகிரி வடக்கு, 78 டிகிரி கிழக்கு. பெட்டியில் நேர மண்டலம் இந்தியாவுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். வடக்கு எந்தப் பக்கம் என்று திசைமானியைத் திருப்பி வைத்து விட்டால், எந்தத் தேதியில், எந்த மணியில், வெயில் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே விழும் என்று சாப்ட்வேர் காட்டி விடும். கோட்டையை இரண்டு முறை இடித்தவர்களால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

படம் எடுக்க 3டி வியூ மெனுவில் கிரியேட் போட்டோ. அதில் ஆட் சீலிங் லைட்ஸ் என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்து விடுங்கள். இல்லாவிட்டால் 1799ல் அரண்மனைக்கு டியூப் லைட் போட்ட மாதிரி வந்து விடும். அறைக்குக் கூரை தெரிய வேண்டுமானால் அறையை இரண்டு முறை கிளிக் செய்து டிஸ்பிளே சீலிங் என்பதில் டிக் செய்திருக்க வேண்டும். தரத்தைக் குறைவாக வைத்து முதலில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். மேல் தரத்தில் மட்டும்தான் வெயிலும் நிழலும் சரியாக விழும், ஆனால் நேரம் எடுக்கும்.

இந்த வருடக் கண்காட்சிக்கு இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்தோம். ஒன்று அழகான படம். ஆனால் இந்த முறை சுவர்களுக்கு மேட், சிம்மாசனத்துக்குத் தங்க நிறம் கிடையாது. இன்னொன்று அதே கோணத்தில், மூன்று நிறப் படம். கீழே "ஊமைத்துரை கட்டிய கோட்டை, 1801" என்று தனி அட்டை. அழகான படத்தைப் பார்த்தவர்கள் கடந்து போனார்கள். மூன்று நிறப் படத்துக்கு முன்னால்தான் பிள்ளைகள் நின்று, "இது ஏன் சாம்பல்?" என்று கேட்டுக் கொண்டே இருந்தார்கள். பதில் சொல்லிச் சொல்லி அக்கா மகனுக்குத் தொண்டை கட்டி விட்டது.

கடைசியாக ஒன்று. அச்சடிக்கும் அளவுக்குப் பெரிய படத்தை மேல் தரத்தில் எடுத்தபோது என் லேப்டாப்புக்கு ஒரு படத்துக்கு நான்கு மணி நேரம் ஆனது. ஃபேன் இரைச்சல் பக்கத்து அறை வரை கேட்டது. பகலில் இதற்காகக் காத்திருக்காதீர்கள். கம்ப்யூட்டர் இடையில் தூங்கி விடாமல் ஸ்லீப் அமைப்பை நெவர் என்று மாற்றி விட்டு, ஃபைலை ஒரு முறை சேவ் செய்து, இரவு படுக்கப் போகும்போது கிரியேட் பட்டனை அழுத்துங்கள். காலையில் எழுந்ததும் படத்தை பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.